டிக்கெட் போடும் முன்: எந்தப் பயணத்துக்கு எந்த விசா?



ஃபைனல் இயர் வந்தாச்சுன்னா நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் ப்ளேஸ்மென்ட், ப்ராஜெக்ட் தாண்டி இன்னொரு பேச்சும் ஓட ஆரம்பிக்கும். அதுதான் வெளிநாடு. ஒருத்தர் "பேப்பர் செலக்ட் ஆயிடுச்சு, ஜெர்மனி போறேன்" என்பார். இன்னொருத்தர் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க அட்மிஷன் வாங்கியிருப்பார். மூன்றாவது ஆள், "எங்க ஊர்ல ஒரு ஏஜென்ட் இருக்கார். தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை, மாசம் எண்பதாயிரம். விசாவே தேவையில்லையாம், யாராவது வர்றீங்களா?" என்று மெசேஜ் போடுவார்.

மூன்று பேருக்கும் நாடு வேறு, காரணம் வேறு. ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் மூன்று பேரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் காரியத்துக்காகப் போகிறேனோ, அந்தக் காரியத்துக்கான விசா என்னிடம் இருக்கிறதா? இதைக் கேட்காமல் போய், சிலர் விமான நிலையத்திலேயே திரும்பி வந்திருக்கிறார்கள். சிலர் திரும்பி வரவே பல மாதம் ஆகியிருக்கிறது.

அதனால் இந்த இதழில் விசாவை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம். முதலில் அடிப்படை, பிறகு நான்கு கணக்குகள், கடைசியில் ஒரு செக்லிஸ்ட்.

விசா ஒரு ஹால் டிக்கெட்

பாஸ்போர்ட் நம் நாடு கொடுப்பது. "இவர் இந்தியக் குடிமகன்" என்று அது சொல்கிறது. விசா நாம் போகப்போகிற நாடு கொடுப்பது. "இவர் இன்ன காரியத்துக்காக, இன்ன தேதிக்குள், எங்கள் வாசலுக்கு வந்து உள்ளே வரலாமா என்று கேட்கலாம்" என்று அது சொல்கிறது.

நம்ம ஹால் டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். அதில் சப்ஜெக்ட் கோட் இருக்கும், தேதி இருக்கும். மேத்ஸ் ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு பிசிக்ஸ் எழுத முடியாது. ஹால் டிக்கெட் கையில் இருப்பதாலேயே பாஸ் ஆகிவிடவும் முடியாது. விசாவும் அப்படித்தான். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்த்தால் தப்பு. சரியான விசா இருந்தாலும், உள்ளே விடுவதா வேண்டாமா என்று கடைசியாக முடிவெடுப்பவர் அங்கே கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் குடிநுழைவு அதிகாரிதான்.

இங்கே பலர் குழம்பிக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, "விசா தேவையில்லை" என்ற சொல். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்தது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விலக்கு அறிவித்தது. இவை சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான சலுகைகள். விசா இல்லாமல் உள்ளே நுழையலாம் என்பதற்கு, அங்கே வேலை பார்க்கலாம் என்று அர்த்தம் கிடையாது. இந்தச் சலுகைகள் அடிக்கடி மாறவும் செய்யும். போன வருஷம் போய் வந்த சீனியர் சொன்னதை நம்பாமல், போகும் மாதத்தில் அந்த நாட்டின் தூதரக இணையதளத்தைப் பாருங்கள்.

இரண்டு, விசா செல்லும் காலமும் தங்கும் நாளும் ஒன்றல்ல. அமெரிக்கச் சுற்றுலா விசா பத்து வருடத்துக்குக் கிடைக்கலாம். அதற்காகப் பத்து வருடம் அங்கே தங்க முடியாது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் எத்தனை நாள் தங்கலாம் என்று அதிகாரி குறிப்பார். ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும். விசாவில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு, ஐ-94 தேதியைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய பேர்.

விசாவுக்கு முன் பாஸ்போர்ட்

நம்ம ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு பிரச்சினை இருக்கிறது: இனிஷியல். மார்க்‌ஷீட்டில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் "கார்த்திக் செல்வம்" என்று ஆகும். சிலர் சர்நேம் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். அப்படி ஒற்றைப் பெயரோடு போனால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் "முதல் பெயர் தெரியாது" என்பதன் சுருக்கமான எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். பிறகு வங்கி, லைசென்ஸ் என்று எல்லா இடத்திலும் உங்கள் பெயர் அதுதான்! ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்றே அறிவித்தது.

அதனால் பாஸ்போர்ட் அப்ளை பண்ணும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். மார்க்‌ஷீட், பாஸ்போர்ட், பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி இரண்டாம் வருடத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டாவது செமஸ்டரில் கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்காது.

அடுத்தது இ.சி.ஆர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று குறிப்பு இருக்கும். நமக்கு அது வரக்கூடாது. ஆனால் விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றைக் காட்டவில்லை என்றால் நமக்கும் வந்துவிடும். உங்கள் பாஸ்போர்ட்டை இப்போதே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பல நாடுகள், நாம் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். ஸ்கூல் படிக்கும்போது எடுத்த பாஸ்போர்ட் என்றால் முதலில் அதன் கடைசித் தேதியைப் பாருங்கள்.

கணக்கு 1: ஜெர்மனியில் நான்கு நாள் கான்ஃபரன்ஸ்

உங்கள் பேப்பர் தேர்வாகிவிட்டது. மியூனிக்கில் நான்கு நாள் நிகழ்ச்சி. அப்படியே மூன்று நாள் பாரிஸ் பார்க்கலாம் என்று ஆசை. எந்த விசா?

விடை: ஷெங்கன் குறுகிய கால விசா, சி வகை. 29 ஐரோப்பிய நாடுகளுக்கு இந்த ஒரே விசா செல்லும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். "15 நாள்தானே" என்று கடைசி நேரம் வரை இருக்காதீங்க. முடிவு வர சாதாரணமாக 15 நாள் ஆகும், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரைகூட ஆகலாம். அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் கேட்பது? பயணத்தின் முக்கியமான இடம் எதுவோ அந்த நாட்டிடம். இங்கே நிகழ்ச்சியும் ஜெர்மனியில், அதிக நாளும் ஜெர்மனியில். எனவே ஜெர்மனி. "வேற நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குது, அங்கே போட்டுடலாம்" என்று பொய்யான பயணத் திட்டம் காட்டுவது ஆபத்து. விசா கிடைத்தாலும், முதல் விமான நிலையத்தில் "நீங்க எங்கே போறீங்க?" என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

என்னென்ன காட்ட வேண்டும்? நிகழ்ச்சி நடத்துபவர்களின் அழைப்புக் கடிதம், கல்லூரியின் தடையில்லாச் சான்று, போக வர டிக்கெட் முன்பதிவு, தங்குமிடம், பணம் யார் தருகிறார் என்பதற்கு வங்கிக் கணக்கு, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்கணும். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லணும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்கணும்.

ஷெங்கனில் இன்னொரு விதி உண்டு: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நமக்குத்தான் கணக்கு வரும், போட்டுப் பார்ப்போம். உங்களிடம் பலமுறை நுழையும் விசா, 90 நாள் தங்கும் அனுமதியோடு இருக்கிறது என்று வையுங்கள். மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை அங்கே இருந்தீர்கள். போன நாள், வந்த நாள் இரண்டையும் சேர்த்து 60 நாள். மறுபடி ஜூலை 1 போகிறீர்கள். எத்தனை நாள் தங்கலாம்?

"புது மாசம், புது 90" என்று நினைத்தால் தப்பு. தங்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். ஜூலை 30 அன்று எண்ணினால் அந்த 180 நாள் பிப்ரவரி 1-இல் தொடங்கும். பழைய 60 நாளும் அதற்குள்ளேயே இருக்கிறது. 60-உம் ஜூலையின் 30-உம் சேர்ந்து 90. ஜூலை 31 அன்றும் அங்கே இருந்தால் 91 ஆகிவிடும். எனவே ஜூலை 30 கடைசி நாள். மார்ச் 1 என்ற நாள் கணக்கிலிருந்து கழிவது ஆகஸ்ட் 28 அன்றுதான். கூடவே நினைவில் வையுங்கள்: 90 என்பது உச்ச வரம்பு. கான்ஃபரன்ஸுக்காக விசாவில் 10 நாள் என்று போட்டிருந்தால் உங்களுக்குப் பத்தே நாள்தான்.

கணக்கு 2: சிங்கப்பூரில் மூன்று மாத இன்டர்ன்ஷிப்

"இன்டர்ன்ஷிப்தானே, ஸ்டைபென்ட் கூட கம்மிதான். டூரிஸ்ட் விசாவில் போயிட்டு வந்துடலாமா?"

கூடாது. சம்பளம் கம்மியா, இல்லையே இல்லையா என்பது கேள்வி இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்காகச் செய்வது வேலை. சிங்கப்பூரில் வெளிநாட்டு இன்டர்னுக்கும் வேலை அனுமதி வேண்டும். நம்மைப் போன்ற மாணவர்களுக்குப் பொருந்தக்கூடியது பயிற்சி வேலை அனுமதிச் சீட்டு. அதிகபட்சம் மூன்று மாதம்.

இதை நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. உங்களை எடுக்கும் நிறுவனம்தான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி நிபந்தனைகள் உண்டு, எல்லாக் கல்லூரி மாணவருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆஃபர் லெட்டர் வந்ததும் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, "எனக்காக எந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?" என்பதைத்தான். ஒப்புதல் ஆனால் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும். அது வரும் வரை டிக்கெட் எடுக்க வேண்டாம். கடிதம் உண்மைதானா என்று அமைச்சின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கவும் வழி இருக்கிறது.

"முதல்ல டூரிஸ்ட்டா வா, வந்ததும் மாத்திக்கலாம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்த ரிஸ்க் முழுக்க உங்கள் தலையில் விழுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு 3: அமெரிக்காவில் எம்.எஸ்.

முழுநேரப் படிப்புக்கு எஃப்-1 விசா. பி-1, பி-2 என்ற விசிட்டர் விசாவில் கான்ஃபரன்ஸ் போகலாம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பட்டப்படிப்பில் சேர முடியாது.

வரிசை இதுதான். அட்மிஷன் கிடைத்ததும் பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவம் அனுப்பும். அதில் உள்ள செவிஸ் எண்ணை வைத்து 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு டிஎஸ்-160 விண்ணப்பம், 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், கைரேகை, நேர்காணல். கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் டிஎஸ்-160 கேட்கிறது. எதையும் மறைக்காமல் எழுதுங்கள். படிப்பு தொடங்குவதற்கு 30 நாளைக்கு முன்னால் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. சீக்கிரம் போய் ஊர் சுற்றலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

நேர்காணலில் அதிகம் பேர் விழுவது 214(பி) என்ற பிரிவில். "விண்ணப்பிக்கிறவர் அங்கேயே குடியேறத்தான் வருகிறார்" என்ற அனுமானத்தோடுதான் சட்டம் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், பணம் எங்கிருந்து, முடித்த பிறகு என்ன திட்டம் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பதில் வைவாவில் எப்படி உடனே தெரிந்துவிடுமோ, அங்கேயும் அப்படித்தான் தெரியும்.

சரியான விசா வாங்கினால் மட்டும் போதாது, அதன்படி நடக்கவும் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது. பணம் கட்டினால் மாணவர் அந்தஸ்து தொடரும், வெளியே வேலை பார்க்கலாம். உண்மையில் அதை நடத்தியது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே. விதியை மீறுகிறவர்களைப் பிடிக்க வைத்த பொறி அது. 2019 ஜனவரியில் 130 மாணவர்கள் கைதானார்கள், அதில் 129 பேர் இந்தியர்கள். அவர்களில் பலர் முறையான விசாவில் போனவர்கள்தான். "வகுப்புக்கே போக வேண்டாம்" என்று ஒரு கல்லூரி சொன்னால் அங்கேயே நில்லுங்கள்.

கணக்கு 4: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி

இப்போது அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு வருவோம். பொறியியல், கம்ப்யூட்டர் படித்தவர்களைக் குறிவைத்தே இந்த வலை விரிக்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் வரும். ஏஜென்ட் துபாயிலோ இந்தியாவிலோ இருப்பார். போனிலேயே இன்டர்வியூ, ஒரு சின்ன டைப்பிங் டெஸ்ட், நல்ல சம்பளம், டிக்கெட்டும் அவர்களே.

பாங்காக்கில் இறங்கியதும் கார் வரும். அந்தக் கார் போவது அலுவலகத்துக்கு அல்ல, மே சோட் என்ற எல்லை ஊருக்கு. அங்கே மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. காவல் போட்ட வளாகத்துக்குள் அடைத்து, ஆன்லைனில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைப்பார்கள். மறுத்தால் அடி.

இதில் விசாவின் பங்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். தாய்லாந்துக்குள் சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர், வேலை அனுமதி இல்லாதவர். எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்ட வைக்கப்பட்டதால் மியான்மரில் அவர் சட்டவிரோதக் குடியேறி. தப்பித்து வந்தாலும் போலீஸ் பிடித்து வழக்குப் போடலாம். பாதிக்கப்பட்டவரே குற்றவாளி மாதிரி நிற்க வேண்டிய நிலை. சரியான விசாவில் போனவருக்கு அந்த நாட்டின் அரசிடம் ஒரு பதிவு இருக்கும், யார் முதலாளி என்று எழுதியிருக்கும். இவருக்கு அப்படி ஒரு காகிதமும் கிடையாது.

2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் அதே வலையில் ஆட்கள் விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். வேலை இல்லாத நாளில் வரும் ஒரு நல்ல மெசேஜ் யாரையும் அசைத்துவிடும். விழுந்தவர்கள் முட்டாள்கள் இல்லை, நம்மைப் போல படித்தவர்கள்தான்.

எப்படித் தப்பிப்பது? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, அங்கேயும் பதிவு செய்யலாம். நிறுவனம் உண்மையா என்று அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். உண்மையான வேலை என்றால் அதற்குள் ஓடிவிடாது.

ஒரு பொய், பல வருடம்

"பேங்க் பேலன்ஸ் கம்மியா இருக்கு, ஸ்டேட்மென்ட் ரெடி பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க விசாவுக்குப் போலி ஆவணம் கொடுத்தது நிரூபணமானால் ஆயுளுக்கும் தடை வரலாம். பிரிட்டனில் ஏமாற்று முயற்சிக்குப் பத்து வருடத் தடை உண்டு. ஆவணத்தைத் தயார் பண்ணியவர் ஏஜென்டாக இருக்கலாம், ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. நிராகரிப்பு வந்தால் அது முடிவல்ல, காரணத்தைச் சரிசெய்து மறுபடி கேட்கலாம். பொய் என்று பதிவாகிவிட்டால் அதைத் துடைப்பது ரொம்பக் கஷ்டம்.

டிக்கெட் எடுக்கும் முன் செக்லிஸ்ட்

1. நான் அங்கே என்ன செய்யப் போகிறேன்? ஒரே வரியில் எழுதுங்கள்: படிப்பு, வேலை, பயிற்சி, கான்ஃபரன்ஸ், சுற்றுலா.
2. அந்த ஒரு வரிக்குப் பொருந்தும் விசா வகை எது? தூதரக இணையதளத்திலேயே பாருங்கள்.
3. பாஸ்போர்ட்டில் பெயர், கடைசித் தேதி, இ.சி.ஆர்., காலிப் பக்கம் சரியா?
4. விண்ணப்பிக்க வேண்டியது நானா, நிறுவனமா?
5. வழியில் விமானம் மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா? லண்டனில் விமானம் மாறினாலே, விதிவிலக்கு இருந்தால் தவிர, இந்தியர்களுக்கு அது வேண்டும்.
6. விசா வந்ததும் பெயர், வகை, தேதி, நாள் எண்ணிக்கை, எத்தனை முறை நுழையலாம் என்பதைச் சரிபார்த்தேனா?
7. பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர் நகல்கள் வீட்டில் ஒருவரிடம் இருக்கிறதா?
8. பாஸ்போர்ட்டை யாரிடமும் "வெச்சிருங்க" என்று கொடுக்க மாட்டேன் என்று முடிவு பண்ணியாச்சா?

இந்த எட்டில் ஒன்றுக்காவது "தெரியல, ஏஜென்ட் பார்த்துக்கிறேன்னு சொன்னார்" என்பது பதிலாக இருந்தால், டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இந்தக் கட்டுரையின் நான்காவது கணக்கை மட்டும் உங்கள் ஊரில், டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி தங்கைகளிடம் சொல்லுங்கள். நம் கையில் இந்த இதழ் வருகிறது, அவர்கள் கைக்கு முதலில் வருவது அந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான்.

போங்க, படிங்க, சம்பாதிங்க, சுற்றிப் பாருங்க. போன வழியிலேயே தலை நிமிர்ந்து திரும்பியும் வாங்க. வாழ்த்துகள்!